வெளிநாட்டு சப்ளையை நம்பி உற்பத்தி பண்றீங்களா? ரிஸ்க்கை எந்த வரிசையில பார்க்கணும்னு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுல இருந்து பார்ட்ஸோ மூலப்பொருளோ வந்தாதான் நம்ம லைன் ஓடும்ங்கற நிலைமையில இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். பர்சேஸ்ல புதுசா சேர்ந்தவங்க, பிளானிங் பார்க்கறவங்க, எல்லாத்தையும் தானே பார்க்கற சின்ன கம்பெனி ஓனர்ங்க, யாருக்கும் பொருந்தும்.

இந்த வேலையை புதுசா எடுக்கறவங்க நிறைய பேரை பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். கிட்டத்தட்ட எல்லாரும் ரெண்டு இடத்துல ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிப்பாங்க. ஒண்ணு "இன்னொரு சப்ளையரைப் பிடிப்போம்", இல்லன்னா "மூணு மாச ஸ்டாக் வாங்கிப் போட்டுருவோம்". ரெண்டும் தேவையான வேலைதான், ஆனா அது ரெண்டும் கடைசிப் பக்கம் வர வேண்டிய ஸ்டெப். எங்க அடைபடும்னு தெரியாம இதைப் பண்ணினா காசு தேவையில்லாத இடத்துல போய் முடங்கும், அடைபடப் போற இடம் அப்படியே அடைபடும்.

இன்னொரு விஷயத்தையும் இப்பவே சொல்லிடறேன். வெளிநாட்டுல வாங்கறது மட்டுமே ஆபத்துன்னு நான் நினைக்கல. ஒரே இடத்தை நம்பி இருக்கறது, அதுவும் அது ஒரே இடம்னு தெரியாமலே நம்பி இருக்கறது, அதுதான் ஆபத்து. கீழ வர்ற வரிசை முழுக்க அந்த ஒரே இடத்தைக் கண்டுபிடிக்கறதுக்கும், அங்க அடைபட்டா எத்தனை நாள் தாங்குவோம்னு தெரிஞ்சுக்கறதுக்கும்தான்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

முதல்ல பில் ஆஃப் மெட்டீரியல், அதாவது ஒரு புராடக்ட் செய்ய என்னென்ன பொருள், எவ்வளவு வேணும்ங்கற லிஸ்ட். சிஸ்டத்துல இருக்கறது இல்ல, இப்ப நிஜமா லைன்ல ஓடிட்டு இருக்கறது. சிஸ்டத்துல ஒரு கிரேடு இருக்கும், ஷாப் ஃப்ளோர்ல ரெண்டு வருஷமா வேற கிரேடு ஓடிட்டு இருக்கும், கேட்டா "அப்பவே மாத்திட்டோமே"ன்னு சொல்வாங்க. அதனால புரொடக்‌ஷன்ல ஒருத்தரை பக்கத்துல உட்கார வெச்சு வரி வரியா சரி பாருங்க.

அடுத்தது, போன ஒண்ணு ரெண்டு வருஷத்து பர்சேஸ் ஆர்டர் எல்லாம். அதுல ஆர்டர் போட்ட தேதி, சப்ளையர் சொன்ன தேதி, சரக்கு நிஜமா நம்ம கேட்டுக்குள்ள வந்த தேதி மூணும் வேணும். சப்ளையர் எட்டு வாரம்னு சொல்லுவார், ரெக்கார்டை எடுத்துப் பார்த்தா சராசரி பத்து வாரம், ஒரு தடவை பதினாறு வாரம்னு இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பதினாறு. சராசரியை வெச்சு பிளான் போட்டா நல்ல நாள்ல மட்டும்தான் அது வேலை செய்யும்.

இது கூட சப்ளையர் ஒப்பந்தம், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏத்தினதுக்கு கப்பல் கம்பெனி தர்ற ரசீது) காப்பி, கஸ்டம்ஸ் பேப்பர் எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு வரட்டும். பில் ஆஃப் லேடிங்கை சும்மா தள்ளி வைக்காதீங்க, எந்த போர்ட்ல ஏறுச்சு, எங்க கப்பல் மாறுச்சுன்னு அதுலதான் தெரியும். அக்கவுண்ட்ஸ்ல இருந்தும் ஒருத்தர் வேணும், ஏன்னா கடைசியில ஸ்டாக்குக்கு எவ்வளவு காசைப் பூட்டி வைக்கலாம்னு அவங்கதான் சொல்லணும்.

2. லைனை நிறுத்தறது எதுன்னு பாருங்க, விலையை அப்புறம் பார்க்கலாம்

இங்கதான் முதல் தடுக்கல். எக்செல்ல பர்சேஸ் மதிப்பு வாரியா சார்ட் பண்ணி, மேல இருக்கற பத்து ஐட்டத்தை எடுத்துக்கிட்டு "இதுதான் கிரிட்டிகல்"னு முடிச்சிருவாங்க. விலை பேரம் பேசறதுக்கு அந்த லிஸ்ட் சரி. ரிஸ்க்குக்கு அது உதவாது.

ஒரு சின்ன வாட்டர் பம்ப் எடுத்துக்கங்க. மோட்டாருக்கு காந்தம், செம்பு வைண்டிங் வயர், பேரிங், மெக்கானிக்கல் சீல், பிளாஸ்டிக் இம்பெல்லர், கன்ட்ரோல் போர்டு, அட்டைப்பெட்டி. செலவுல செம்பு மேல நிக்கும். ஆனா செம்பு வயர் பல பேர் தர்றாங்க, விலை ஏறினாலும் கிடைச்சிரும். தண்ணி கசியாம தடுக்கற மெக்கானிக்கல் சீல் மொத்தச் செலவுல கண்ணுக்கே தெரியாது, ஆனா அது ஒரே ஒரு ஃபேக்டரியோட அளவுக்கு டிசைன் பண்ணினது, அது வரலன்னா ஒரு பம்ப் கூட வெளிய போகாது.

அதனால ஒவ்வொரு வரிக்கும் மூணு கேள்வி கேளுங்க. இது இல்லாம புராடக்ட் வெளிய போகுமா? இதுக்குப் பதிலா வேற ஒண்ணை இன்னிக்கே போட முடியுமா? இதை நம்பி எந்தெந்த மாடல் ஓடுது, அந்த மாடல்கள்ல இருந்து வர்ற விற்பனை எவ்வளவு? பொருளோட விலைக்குப் பதிலா, அது நின்னா நிக்கற விற்பனையை வெச்சு லிஸ்டை மறுபடி சார்ட் பண்ணுங்க. லிஸ்ட் தலைகீழா மாறும். பெரும்பாலும் மேல வந்து நிக்கறது சீல், கனெக்டர், பசை, பிக்மெண்ட், ஏதாவது ஒரு சின்ன ஐசி, இப்படி சில்லறைச் சாமான்தான்.

முதல் ரவுண்டுக்கு மேல இருக்கற பதினஞ்சு இருபது ஐட்டம் போதும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல எடுத்தா மூணாவது ஸ்டெப்லயே களைச்சுப் போய் விட்டுருவீங்க.

3. சப்ளையருக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு தோண்டுங்க

இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும், அவசரப்படாதீங்க. நமக்கு பில் போடறவரை மட்டும் பார்த்துட்டு "ரெண்டு சப்ளையர் இருக்காங்க, சேஃப்"னு டிக் அடிக்கறவங்கதான் ஜாஸ்தி. அந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்ட மூலப்பொருள் வாங்கினா உங்ககிட்ட இருக்கறது ஒரு சப்ளையர்தான்.

2012 மார்ச் கடைசியில ஜெர்மனியில மார்ல்ங்கற ஊர்ல எவானிக் கம்பெனியோட ஒரு பிளான்ட்ல தீப்பிடிச்சுது. அங்க செஞ்சது சிடிடின்னு சுருக்கமா சொல்ற ஒரு கெமிக்கல். அதுல இருந்துதான் நைலான் 12 வருது, நைலான் 12-ல இருந்துதான் கார்ல பெட்ரோல் போற குழாய், பிரேக் குழாய் எல்லாம் செய்யறாங்க. அதுவரைக்கும் நைலான் 12 பற்றி யோசிச்சே பார்க்காத கார் கம்பெனிங்க, போட்டியாளர்ங்க எல்லாரும் ஒரே ரூம்ல உட்கார்ந்து மாற்றுப் பொருள் தேட வேண்டியதா போச்சு. குழாய் சப்ளையர் பல பேர் இருந்தாங்க, எல்லாருக்கும் அடியில இருந்த அந்தக் கெமிக்கலை செய்யறவங்கதான் ரொம்பக் குறைவு.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்துல இன்னொண்ணு வெளிய வந்துச்சு. சிராலிக்னு ஒரு மினுமினுப்பு பிக்மெண்ட், கார் பெயின்ட்ல போடறது. அதை செய்யற மெர்க் கம்பெனி பிளான்ட் உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, ஃபுகுஷிமா பகுதியில. அது நின்னதும் ஃபோர்டு மாதிரி கம்பெனிங்க சில கறுப்பு, சிவப்பு கலர்களுக்கு ஆர்டர் எடுக்கறதையே குறைச்சாங்க. பெயின்ட் வேற வேற நாட்டுல கலக்கறாங்க, ஆனா பிக்மெண்ட் எல்லாருக்கும் ஒரே இடம்.

மூலப்பொருள்ல இது இன்னும் மோசம், ஏன்னா தோண்டி எடுக்கற நாடு ஒண்ணு, சுத்திகரிக்கற நாடு இன்னொண்ணா இருக்கும். உலகத்துல தோண்டற கோபால்ட்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல காங்கோவுல இருந்து வருது, ஆனா அதை சுத்திகரிக்கறதுல பெரும்பகுதி சீனாவுல நடக்குது. காந்தத்துக்குப் போற அரிய மண் தனிமங்களுக்கும் அப்படித்தான், சுரங்கம் சில நாடுகள்ல பரவலா இருந்தாலும் பிரிச்செடுக்கற வேலை ஏறத்தாழ 90 சதவீதம் சீனாவுலதான். அதனால "எந்த நாட்டுச் சுரங்கம்"னு மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க, "எங்க சுத்திகரிக்கறாங்க"ன்னு சேர்த்துக் கேளுங்க. என் அனுபவத்துல அடைப்பு பெரும்பாலும் ரெண்டாவது இடத்துலதான் இருக்கு.

இப்ப எப்படிக் கேக்கறது? "உங்க சப்ளையர் யாரு"ன்னு நேரா மெயில் போட்டா பதில் வராது. நம்மளைத் தாண்டி நேரா போய் வாங்கிருவாங்களோன்னு அவங்களுக்குப் பயம், அது நியாயமான பயம்தான். அதனால பேரைக் கேக்காதீங்க. இடத்தைக் கேளுங்க. "இந்த ரப்பர் காம்பவுண்ட் எந்த நாட்டுல, எந்த ஊர் பக்கம் கலக்கறாங்க? அது ஒரே பிளான்ட்டா, ரெண்டா? அது நின்னா நீங்க எத்தனை வாரம் தாங்குவீங்க?" இந்த அளவுக்கு நிறைய பேர் சொல்லிருவாங்க. சொல்ல மாட்டேன்னாலும் அதுவும் ஒரு தகவல்தான், உங்க எக்செல் ஷீட்ல அந்த ஐட்டத்துக்கு நேரா "தெரியல"ன்னு எழுதி சிவப்பு அடிங்க. காலியா மட்டும் விடாதீங்க, காலி இடத்தை அடுத்து பார்க்கறவர் "பிரச்சனை இல்ல"ன்னு படிச்சுக்குவார்.

இன்னொரு செக். உங்களுக்கு பில் போடறவர் ஃபேக்டரியா, வாங்கி விக்கற டிரேடரா? இன்வாய்ஸ்ல இருக்கற அட்ரஸும், சரக்கு ஏறின போர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தூரமா இருந்தா சந்தேகப்படுங்க. டிரேடர்கிட்ட வாங்கறது தப்பில்ல, பல நேரம் சின்ன ஆர்டருக்கு அவங்கதான் வழி. ஆனா அவர் ஃபேக்டரியை மாத்தினா உங்களுக்குத் தெரியாது, அதுதான் விஷயம்.

4. எது நடந்தா நிக்கும்ங்கறதை தனித்தனியா எழுதுங்க

"சப்ளை ரிஸ்க்"னு ஒரே வார்த்தையில எழுதினா ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. ஃபேக்டரி நிக்கறது வேற, வழி அடைபடறது வேற, அரசாங்கம் நிறுத்தறது வேற, சரக்கு வந்தும் தரம் கெட்டுப் போயிருக்கறது வேற.

வழி: 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல ஆறு நாள் குறுக்க நின்னுச்சு, ஆனா தேங்கின சரக்கு சீராக ஆறு நாளை விட ரொம்ப ஜாஸ்தி ஆச்சு. 2023 கடைசியில இருந்து செங்கடல் தாக்குதலால கப்பலெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சுது, ஒரு பயணத்துக்கு பத்து நாள், ரெண்டு வாரம்னு கூடிச்சு. அதே வருஷம் பனாமா கால்வாய்ல தண்ணி இல்லாம, ஒரு நாளைக்கு 36 கப்பல் போன இடத்துல 25-க்கும் கீழ குறைச்சாங்க. உங்க சரக்கு இந்த மாதிரி குறுகலான இடம் எது வழியா வருதுன்னு ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஷீட்ல தனியா ஒரு கட்டம் போட்டு எழுதுங்க.

அரசாங்கம்: இதுல முன்னறிவிப்பு காலம் ரொம்பக் குறைவு. சீனா காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேணும்னு 2023 ஜூலை ஆரம்பத்துல சொல்லி ஆகஸ்ட் 1-ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு, நடுவுல ஒரு மாசம் கூட இல்ல. இந்தோனேசியா 2020 ஜனவரியில நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்துச்சு, 2022 ஏப்ரல் கடைசியில பாமாயிலை சுமார் மூணு வாரம் நிறுத்துச்சு. காங்கோ 2025 பிப்ரவரியில கோபால்ட்டை நிறுத்தி, அதை நீட்டிச்சு, அப்புறம் கோட்டா முறைக்கு மாத்துச்சு. ஒரே நாட்டுக் கையில பெரும்பங்கு இருக்கற பொருளுக்கு இது எப்ப வேணும்னாலும் வரலாம்னு வெச்சுக்கணும்.

தரம்: சத்தமில்லாம வர்றது இதுதான். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற ஹெப்பாரின் மருந்து விஷயத்துல 2007-08-ல நடந்ததைப் பாருங்க. மூலப்பொருள்ல விலை குறைஞ்ச வேற ஒரு பொருளைக் கலந்திருந்தாங்க, அப்ப வழக்கத்துல இருந்த டெஸ்ட்ல அது மாட்டவே இல்ல, நோயாளிங்க உயிரே போச்சு. நீங்க மருந்து செய்யாம இருக்கலாம், ஆனா பாடம் எல்லாருக்கும்தான். உங்க டெஸ்ட் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காதுன்னு எழுதி வைங்க.

இன்னொண்ணு, நடுவுல இருக்கறவர் திவாலாகறது. 2016 ஆகஸ்ட் கடைசியில ஹன்ஜின் ஷிப்பிங்ங்கற தென் கொரியக் கப்பல் கம்பெனி திவால்னு கோர்ட்டுக்குப் போனதும், போர்ட்டுங்க "காசு யார் தருவா"ன்னு கப்பலை உள்ள விடல, சரக்கோட கப்பல் கடல்லயே நின்னுச்சு. ஃபேக்டரி நல்லா ஓடுது, சரக்கு ஏறிருச்சு, ஆனா வராது. அதனால பெரிய ஆர்டரை ஒரே ஷிப்பிங் லைன்ல, ஒரே கப்பல்ல ஏத்தாதீங்க.

5. ரெண்டு நம்பர்: எத்தனை நாள் தாங்கும், எத்தனை நாள்ல மீளும்

எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு கம்பெனியோட சேர்ந்து பயன்படுத்தின முறை இது, சின்ன கம்பெனிக்கும் அப்படியே வேலை செய்யும். நிலநடுக்கம் வர வாய்ப்பு எத்தனை சதவீதம்னு யாராலயும் சொல்ல முடியாது, அதை யூகிக்கப் போய் மீட்டிங் மீட்டிங்கா போகும். அதை விட்டுட்டு, ஏதோ ஒரு காரணத்துல நின்னுருச்சுன்னு வெச்சுக்கிட்டு ரெண்டு நம்பர் மட்டும் எடுங்க.

பம்ப் காந்தத்தையே எடுத்துக்கலாம், நம்பரெல்லாம் உதாரணத்துக்கு. ஒரு நாளைக்கு 200 காந்தம் ஓடுது. ஸ்டோர்ல 9,000 இருக்குன்னு சிஸ்டம் காட்டுது, அதுல 1,000 குவாலிட்டி ஹோல்டுல, அதாவது தரம் சரின்னு முடிவாகாம எடுக்க முடியாம கிடக்கு. அப்ப நிஜம் 8,000, அதாவது 40 நாள். ரெடியான பம்ப் 10 நாள் விற்பனைக்கு இருக்கு. கடல்ல 12,000 காந்தம் வந்துட்டு இருக்கு, 60 நாளுக்கு ஆகும், இன்னும் 30 நாள்ல வந்து சேரும்.

ஃபேக்டரி எரிஞ்சு போச்சுன்னா? கப்பல்ல இருக்கறது எப்படியும் வரும். 40-ம் 10-ம் 60-ம் சேர்த்து 110 நாள் தாங்கும். புது சப்ளையருக்கு சாம்பிள் 3 வாரம், நம்ம டெஸ்ட் 6 வாரம், உற்பத்தி 5 வாரம், கடல் 5 வாரம், மொத்தம் 19 வாரம், 133 நாள். இடைவெளி 23 நாள். அந்த 23 நாள்தான் உங்க பிரச்சனை, அதுக்குத்தான் காசு செலவு பண்ணணும்.

வழி அடைபட்டுச்சுன்னா? 30 நாள்ல வர வேண்டியது 14 நாள் லேட்டாகி 44-வது நாள் வருது. காந்தம் 40-வது நாள் தீர்ந்துரும், நாலு நாள் லைன் நிக்கும், ஆனா ரெடி ஸ்டாக் இருக்கறதால கஸ்டமருக்குத் தெரியாது. இதுக்கு நீங்க ரெண்டாவது சப்ளையர் தேடி ஓட வேண்டியதே இல்ல. ஒரே பொருள், ரெண்டு ஆபத்து, ரெண்டு வேற வேற பதில். நாலாவது ஸ்டெப்ல பிரிச்சு எழுதச் சொன்னது இதுக்காகத்தான்.

இங்க வழக்கமா வர்ற தப்பு மூணு. ஹோல்டுல இருக்கறதையும் சேர்த்து எண்ணறது. இன்னும் ஃபேக்டரியை விட்டே கிளம்பாத ஆர்டரை "வந்துட்டு இருக்கு"ன்னு எண்ணறது. மீளற நாள்ல நம்ம பக்கத்து டெஸ்ட், அப்ரூவல் நேரத்தை விட்டுடறது, மூணுல இதுதான் பெருசு. கஸ்டமர் அப்ரூவலோ அரசு சான்றிதழோ தேவைப்படற பொருளா இருந்தா அதுக்கே மாசக்கணக்குல போகும்.

6. பெருசா காசு செலவாகாத வேலையை முதல்ல முடிங்க: பேப்பர்

இடைவெளி எங்கன்னு தெரிஞ்சாச்சு. ஸ்டாக்குக்கோ புது சப்ளையருக்கோ போறதுக்கு முன்னாடி, இருக்கற ஒப்பந்தத்தைப் படிங்க. இதுக்குக் காசு அவ்வளவா ஆகாது, பேச்சுவார்த்தைதான், அதனாலதான் வரிசையில முன்னாடி வெச்சிருக்கேன். பிரச்சனை வந்த அப்புறம் பேசப் போனா உங்க கையில எந்தப் பிடிமானமும் இருக்காது.

உங்க பார்ட் செய்யறதுக்குன்னே பண்ணின டூலிங் (கருவி), மோல்டு (அச்சு) யாருது? நீங்க காசு குடுத்திருந்தாலும், உங்களுதுன்னு எழுத்துல இல்லன்னா, வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போகணும்ங்கறப்ப விட மாட்டாங்க. மோல்டுல உங்க பேர் பொறிச்ச பிளேட், அதோட போட்டோ, சீரியல் நம்பர், எப்ப கேட்டாலும் தரணும்ங்கற வரி, இது எல்லாம் வேணும். டிராயிங்கோட கடைசி வெர்ஷன் உங்க கையில இருக்கான்னும் பாருங்க, சில சமயம் சப்ளையர் பண்ணின சின்னச் சின்ன திருத்தம் எல்லாம் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்.

மெட்டீரியலையோ இடத்தையோ மாத்தினா முன்கூட்டியே எழுத்துல சொல்லணும், நம்ம ஒப்புதல் இல்லாம மாத்தக் கூடாதுன்னு ஒரு வரி சேருங்க. தரப் பிரச்சனையில பாதி இந்த வரி இல்லாததால வர்றது.

டெலிவரி டெர்ம்ஸ். சிஐஎஃப்ல, அதாவது விலையிலயே இன்சூரன்ஸும் கப்பல் கூலியும் சேர்ந்து வர்ற முறையில, வாங்கறவங்க நிறைய பேர் "இன்சூரன்ஸ் சப்ளையர் கட்டிட்டார், சரக்கு நம்ம போர்ட் வர்ற வரைக்கும் அவர் பொறுப்பு"ன்னு நினைச்சுட்டு இருக்காங்க. இல்ல. சிஐஎஃப்ல சரக்கு அங்க கப்பல்ல ஏறினதுமே ரிஸ்க் உங்களுது, அவர் எடுக்க வேண்டிய இன்சூரன்ஸும் குறைந்தபட்ச கவர்தான். அதோட, சாதாரண சரக்கு இன்சூரன்ஸ் லேட்டானதால வர்ற நஷ்டத்தைத் தராது. எவர் கிவன் விஷயத்துல கப்பல் ஓனர் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சார், அப்படின்னா கப்பலை மீட்ட செலவுல சரக்கு வெச்சிருந்தவங்களும் பங்கு குடுக்கணும், அதுக்கு உத்தரவாதம் குடுத்தாதான் சரக்கு கையில வரும். இன்சூரன்ஸ் இல்லாதவங்க அதைக் கைக்காசுல கட்டணும். அதனால எங்க எந்த நிமிஷம் ரிஸ்க் கை மாறுதுன்னு ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு வரி எழுதி வைங்க.

7. ஸ்டாக்: இடைவெளி இருக்கற பொருளுக்கு மட்டும்

இப்பதான் ஸ்டாக். அஞ்சாவது ஸ்டெப்ல இடைவெளி வந்த ஐட்டத்துக்கு மட்டும், அந்த இடைவெளி அளவுக்கு. காந்தத்துக்கு 23 நாள்னா 23 நாளும் கொஞ்சம் மேலயும், "எல்லாத்துக்கும் மூணு மாசம்"னு வேண்டாம். 2011-க்கு அப்புறம் டொயோட்டா இதை இப்படித்தான் பண்ணுச்சு, ஸ்டாக்கே வைக்காத கம்பெனின்னு பேர் வாங்கினவங்க, சிப் மாதிரி மீள நாள் ஆகற பொருளுக்கு மட்டும் ரெண்டுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் சப்ளையர்ங்களை வைக்கச் சொன்னாங்க. 2021 சிப் தட்டுப்பாட்டுல மத்தவங்களை விட ரொம்ப நாள் தாக்குப் பிடிச்சதுக்கு அது ஒரு காரணம்.

ரப்பர், பசை, பேட்டரி, கெமிக்கல் இதெல்லாம் வாங்கிப் போட்டா தேதி போயிரும். அதுக்குத் தனி பில்டிங்ல தனியா அடுக்கி வைக்காதீங்க, வழக்கமான ஸ்டாக்கோட சேர்த்து, முதல்ல வந்தது முதல்ல போற மாதிரி சுத்திட்டே இருக்கணும். எந்த நிலையில வைக்கறதுங்கறதையும் யோசிங்க. ரெடி புராடக்டா வெச்சா ஒரு மாடலுக்குத்தான் ஆகும், பொதுவான பார்ட்டா வெச்சா பத்து மாடலுக்கு ஆகும்.

சந்தையில பஞ்சம் வந்த அப்புறம் பதறிப் போய் டபுள் ஆர்டர் போடறதை மட்டும் பண்ணாதீங்க. எல்லாரும் அதையே பண்றப்ப இல்லாத டிமாண்ட் இருக்கற மாதிரி தெரியும், விலை ஏறும், ஆறு மாசம் கழிச்சு உங்க குடோன்ல அது மலை மாதிரி கிடக்கும்.

8. ரெண்டாவது சப்ளையரை லிஸ்ட்ல வைக்காதீங்க, ஓட்டத்துல வைங்க

சாம்பிள் வாங்கி, டெஸ்ட் பண்ணி, "அப்ரூவ்டு"னு லிஸ்ட்ல போட்டு மூணு வருஷம் ஒரு ஆர்டரும் தராம இருந்துட்டு, பிரச்சனை வந்தப்ப போன் பண்ணினா அவங்க ஏன் உங்களுக்கு முன்னுரிமை தரணும்? அதுக்குள்ள அங்க ஆள் மாறியிருப்பாங்க, மெஷின் மாறியிருக்கும். வாங்கற அளவுல ஒரு கால்வாசியாவது எப்பவும் அவங்ககிட்ட போகட்டும். விலை கொஞ்சம் கூடத்தான் ஆகும், அதை இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி கணக்குல போட்டு மேல இருக்கறவங்ககிட்ட ஒப்புதல் வாங்குங்க. இல்லன்னா அடுத்த வருஷம் செலவு குறைக்கற மீட்டிங்ல முதல்ல வெட்டு விழறது இதுலதான்.

தேர்ந்தெடுக்கறப்ப மூணாவது ஸ்டெப் ஷீட்டை எடுத்து வெச்சுக்கங்க. மூலப்பொருள் வேற இடமா? கடல் வழி வேறயா? ஒரே ஊர்ல ரெண்டு ஃபேக்டரின்னா வெள்ளம் வந்தா ரெண்டும் சேர்ந்தே முங்கும். 2011 தாய்லாந்து வெள்ளத்துல ஹார்டு டிஸ்க் தொழிலே அப்படித்தான் மாட்டுச்சு, செய்யறவங்களும் பார்ட்ஸ் தர்றவங்களும் ஒரே பகுதியில இருந்தாங்க.

சில பொருளுக்கு ரெண்டாவது சப்ளையரே கிடையாது. அப்ப டிசைன் ஆளுங்ககிட்ட போகணும். 2010-ல சீனாவோட தகராறு வந்து அரிய மண் தனிமங்கள் வரத்து தடைபட்டப்ப ஜப்பான் ரெண்டு வழியிலயும் போச்சு. ஒரு பக்கம் ஆஸ்திரேலியாவோட லைனாஸ் கம்பெனிக்குக் காசு குடுத்து வேற சப்ளையை வளர்த்துச்சு, இன்னொரு பக்கம் காந்தத்துல டிஸ்ப்ரோசியம்ங்கற அரிய மண் தனிமத்தோட அளவைக் குறைக்கற ஆராய்ச்சியில இறங்குச்சு. உங்க அளவுல, டிராயிங்ல "இந்த பிராண்டு, இந்த பார்ட் நம்பர்"னு போட்டிருக்கறதை, என்ன வேலை செய்யணும், என்ன அளவு, எவ்வளவு சூடு தாங்கணும்னு மாத்தி எழுதினாலே பல இடத்துல வழி திறக்கும்.

9. உள்ளூர்லயே வாங்கிட்டா போதுமா?

போதாது. அதே சோதனையை அங்கயும் போடுங்க. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் அமெரிக்காவுல வட கரோலினாவுல இருக்கற பாக்ஸ்டர் பிளான்ட்டை மூழ்கடிச்சுது. அந்த நாட்டுக்குத் தேவையான டிரிப்ஸ் திரவத்துல சுமார் 60 சதவீதம் அந்த ஒரு பிளான்ட்லதான் ஆச்சு, ஆஸ்பத்திரிங்க ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாங்க. சொந்த நாட்டு ஃபேக்டரிதான், ஆனா ஒரே இடம்.

இன்னொண்ணு, உள்ளூர் சப்ளையர் வாங்கற ரெசினும், சிப்பும், கெமிக்கலும் அதே வெளிநாட்டுல இருந்தே வந்தா நீங்க கடல் தூரத்தைக் குறைக்கல, பில் போடறவரை மட்டும்தான் மாத்தியிருக்கீங்க. ஆனா ஒரு லாபம் நிஜம். லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டு சரக்கு வர்ற வரைக்கும் ஆகற நேரம், குறையும், நேர்ல போய்ப் பார்க்கலாம், சின்ன லாட்ல வாங்கலாம். கனமான, விலை குறைஞ்ச, அடிக்கடி டிசைன் மாறற பொருளை உள்ளூருக்கு மாத்தறது எனக்கு எப்பவும் சரின்னு படும்.

10. யார் எதைப் பார்க்கணும், எப்ப அசையணும்

2000 மார்ச்ல அமெரிக்காவுல ஆல்புகர்க்கில இருந்த பிலிப்ஸ் சிப் ஃபேக்டரியில ஒரு சின்ன தீ, சில நிமிஷத்துல அணைச்சுட்டாங்க. ஒரு வாரம் லேட்டாகும்னு ரெண்டு பெரிய கஸ்டமருக்கும் சொன்னாங்க. நோக்கியா அதை அப்படியே நம்பாம தினமும் விசாரிச்சு, ஆளை அனுப்பி, மத்த பிளான்ட்லயும் மத்த சப்ளையர்கிட்டயும் கிடைக்கற கெப்பாசிட்டியைப் பிடிச்சுக்குச்சு. எரிக்சன் காத்திருந்துச்சு. விஷயம் பெருசுன்னு புரியறப்ப மிச்சம் எதுவும் கிடைக்கல, நஷ்டம் சுமார் 40 கோடி டாலர். ரெண்டு பேருக்கும் கிடைச்ச செய்தி ஒண்ணுதான்.

அதனால லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு ஆள் பேர் இருக்கணும், "பர்சேஸ் டீம்"னு எழுதக் கூடாது. அவர் வாரா வாரம் பார்க்க வேண்டியது சின்னச் சின்ன விஷயம்தான். வழக்கமா அன்னிக்கே பதில் போடற சப்ளையர் மூணு நாள் எடுக்கறாரா? அட்வான்ஸ் சதவீதத்தை ஏத்தச் சொல்றாரா? ஆர்டரைப் பிரிச்சுப் பிரிச்சு அனுப்பறாரா? கொட்டேஷன் ஒரு மாசம் செல்லும்னு இருந்தது ஒரு வாரம்னு ஆயிருச்சா? இதுல ரெண்டு சேர்ந்து வந்தா போனை எடுங்க, மெயில் வேண்டாம்.

எந்த அளவுக்குக் கீழ போனா என்ன பண்ணணும்னும் முன்னாடியே முடிவு பண்ணி வைங்க. தாங்கற நாள் இவ்வளவுக்குக் கீழ போனா பர்சேஸ் ஹெட் யாரையும் கேக்காம ஏர்ல கொண்டு வரலாம், இன்னும் கீழ போனா எந்த கஸ்டமருக்கு முதல்ல சரக்கு, எந்த மாடலை நிறுத்தறது, இப்படி. பிரச்சனை நடக்கற அன்னிக்கு இந்த ஒப்புதலுக்காக நாலு பேரைத் தேடிட்டு இருந்தா கெப்பாசிட்டியை வேற யாரோ பிடிச்சிருப்பாங்க.

ஷீட்டை மூணு மாசத்துக்கு ஒரு தடவை திருத்துங்க. நடுவுல சப்ளையர் மாறினாலோ, டிசைன் மாறினாலோ, விற்பனை சட்டுனு ஏறினாலோ அன்னிக்கே திருத்துங்க. விற்பனை ஏறறதை எல்லாரும் மறந்துடறாங்க. ஒரு நாளைக்கு 200 ஓடின காந்தம் 300 ஆனா, ஸ்டோர்ல அதே 8,000 இருந்தாலும் அது இப்ப 40 நாள் இல்ல, 26 நாள்தான்.